நாமும் துபாஷிகள்தான்!



மொழிபெயர்ப்பாளர் என்றதும் யார் ஞாபகம் வருகிறது? வெளியூர்த் தலைவர் மேடையில் பேசப் பேச, பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிறவர். அவர் பேர் யாருக்கும் தெரியாது. தப்பாகச் சொன்னால் மட்டும் கூட்டமே சிரிக்கும்.

ஒரு காலத்தில் இவர்களுக்குத் 'துபாஷி' என்று பேர். இரண்டு பாஷை தெரிந்தவர் என்று அர்த்தம். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு இன்று சரித்திர ஆதாரம். அவ்வளவு தூரம் ஏன்? எங்கள் நாகலாபுரத்துக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, 1904-இல் சுதேசமித்திரனில் சேர்ந்தபோது பார்த்த முக்கிய வேலை இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்குவதுதான்!

இந்த வேலையின் பாரம் எனக்குத் தெரிந்தது புத்தகத்தில் அல்ல, புஞ்சையில். நான் பத்தாவது படிக்கும்போது அப்பா மிளகாய்க்குப் பூச்சிமருந்து வாங்கி வந்தார். டப்பாவில் எல்லாம் இங்கிலீஷ். "எய்யா, எம்புட்டு ஊத்தணும்னு பாத்துச் சொல்லு" என்றார். வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன்தானே! பெருமையாக வாசித்தேன். எக்டேருக்குப் போட்டிருந்த அளவை ஏக்கருக்கு என்று சொல்லிவிட்டேன். ஒரு எக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அப்போ மருந்தும் இரண்டரை மடங்கு! நாலாம் நாள் செடி கருகி நின்றது. "மருந்துலதான் கோளாறு" என்றார் அப்பா. என்னைச் சந்தேகப்படவே இல்லை. பாலிடெக்னிக் முதல் வருஷம் அலகு மாற்றம் படித்தபோதுதான் என் தப்பு எனக்கே புரிந்தது. அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மொழிபெயர்க்க இரண்டு பாஷை மட்டும் போதாது, விஷயமும் தெரியணும். அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தவர். தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். அவரால் முடிந்ததற்குக் காரணம், மருத்துவமும் தெரியும், கேட்கிறவன் மொழியும் தெரியும்.

நாளைக்கு நம் நிலைமையும் அதுதான். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையோ, தூத்துக்குடி அனல்மின் நிலையமோ, மிஷினோடு வரும் மேனுவல் இங்கிலீஷில் இருக்கும். மிஷினில் கை வைப்பவர் நம்ம ஊர்க்காரர். நடுவில் நிற்கப் போகிறவர்கள் டிப்ளமோக்காரர்களாகிய நாம். அங்கே ஒரு சொல் தப்பினால் கருகுவது செடியாக இருக்காது. ஒருத்தர் விரல் போகலாம்.

"அதான் கைப்பேசியே மொழிபெயர்க்குதே" என்பீர்கள். சரி. ஆனால் அப்பாவின் ஸ்பிரேயர் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று அதற்குத் தெரியுமா? தப்பிப்போனால் அது வந்து பதில் சொல்லுமா?

தமிழ் மீடியம் என்று இனி யாரும் கூனிக் குறுக வேண்டாம். வீட்டுப் பாஷையும் மேனுவல் பாஷையும் தெரிந்தவனுக்குத்தான் இந்த வேலை. ஆனால் மனப்பாடம் செய்து பாஸ் ஆனால் போதாது. படித்ததை வீட்டில் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். புரியாத இடத்தில் "தெரியலை, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். அன்றைக்கு நான் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அதுதான்.

சிந்திப்போமா தோழர்களே?

- இரண்டாமாண்டு, இயந்திரவியல்