கணக்கில் வராத கைகள்

மக்கள்தொகைக் கணக்கு என்றால் தலைகளை எண்ணுவது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தலைகளை மட்டும் எண்ணுவதன்று. எப்படிப்பட்ட கூரையின் கீழ் வாழ்கிறோம், என்ன தொழில் செய்கிறோம், வேலைக்கு நடந்து போகிறோமா, பேருந்தில் போகிறோமா என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறது. ஓர் ஊரின் ஜாதகமே அதில் அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது.

2001-இல் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 30,16,346. 2011-இல் 34,82,056. பத்தே ஆண்டுகளில் நாலரை லட்சத்துக்கு மேல் கூடிவிட்டது. ஓமலூர்ப் பேரூராட்சியில் அப்போது சுமார் 16,000 பேர் இருந்தனர். 2021-இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போயிற்று. இதற்கிடையில் ஓமலூர் வட்டத்திலிருந்து காடையாம்பட்டி தனி வட்டமாகப் பிரிந்தது, தாரமங்கலம் நகராட்சியாயிற்று. 2011-இன் எண்களைக் கொண்டு இன்றைய ஓமலூரை அளப்பது, ஐந்தாம் வகுப்பில் தைத்த சட்டையைக் கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு வருவதைப் போன்றதுதான்!

எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டமே சாட்சி. பெண் சிசுக்களைக் காப்பதற்கான தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில்தான் முதன்முதலில் தொடங்கப்பட்டது. 2001 கணக்கில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே இருந்தனர். 2011-இல் அது 916 ஆயிற்று. 'எங்கோ ஓரிரு வீட்டில் நடப்பது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாதபடி எண்கள் நம்மைக் காட்டிக்கொடுத்தன. கணக்கில் வந்த குறையே கவனத்துக்கும் வந்தது.

ஆனால் அதே கணக்கில் வேறொரு வகையில் பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள். 2011 கணக்கின்படி தமிழ்நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 59 பேர் வேலை செய்பவர்கள். பெண்களில் 32 பேர் மட்டுமே. சிறுமியர், மாணவியர், முதியோர் நீங்கலாக மற்றப் பெண்களெல்லாம் சும்மாவா இருந்தார்கள்?

குறை விதியில் இல்லை. கூலி பெறாவிட்டாலும், பகுதி நேரமே ஆனாலும், குடும்பத் தொழிலுக்கோ நிலத்துக்கோ துணைநின்று உழைத்தால் அது வேலைதான் என்கிறது கணக்கெடுப்பின் விதி. வீட்டுத் தேவைக்கு மட்டும் மாடு கறந்தாலும் அது வேலையே. பின் எங்கே தவறுகிறது? நம் வாசற்படியில்! "வீட்டுக்காரம்மா என்ன வேலை செய்யறாங்க?" என்று கேட்டால், "அது ஊட்ல சும்மாதானுங்க இருக்குது" என்று நாம் சொல்லும் பதிலில்!

சேலத்துக்குப் பேருந்தேறி வேலைக்குப் போகிறவர் எத்தனை கிலோமீட்டர் போகிறார், எந்த வாகனத்தில் போகிறார் என்பதுகூட 2011-இல் கேட்கப்பட்டது. திண்ணையைவிட்டு இறங்காமல் உழைப்பவருக்கோ தொலைவும் இல்லை, வாகனமும் இல்லை. கடைசியில் தொழிலும் இல்லை என்றாகிவிடுகிறது.

பிறர்மீது பழி போடுவானேன்? இக்கல்லூரியில் சேர விண்ணப்பம் எழுதிய அன்று, எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'நெசவு' என்று எழுதினேன். தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். அப்போது என் தாயார் எனக்கு எதிரிலேயே ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தார் இல்லாமல் நாடா ஓடாது. அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பவரும் அவர்தாம். சேலை முடிந்து கூலி வரும்போது மட்டும் அது என் தந்தையார் பெயரில் வரும். அந்த ஒரு சொல்லை நான் எழுதியபோது அவரது இருபது ஆண்டு உழைப்பு காகிதத்திலிருந்து அழிந்துபோயிற்று.

நேராகக் கேட்டால் உண்மை வெளிவரும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2019-20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் பதிவாயினர். அவர்களில் பெண்கள் 72 விழுக்காடு. தறியைப் பற்றிக் கேட்டதும் தறிக்குப் பின்னால் இருந்த கைகள் தென்பட்டன.

வேலை என்று எழுதினால் சலுகை ஏதும் போய்விடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி, தனியொருவர் தரும் விவரம் இரகசியமாகக் காக்கப்படும். பிறர் அதைப் பார்வையிட முடியாது.

அடுத்த கணக்கெடுப்பில் மக்களை எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரியில் என்றும், கணக்கு நாள் மார்ச் 1 என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது. குடும்பத்தாரே கணினியிலோ கைப்பேசியிலோ விவரங்களைப் பதியவும் இம்முறை வழி செய்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அதை நிரப்பப் போவது யார்? பட்டம் படிக்க வந்திருக்கும் நாம்தானே! வெல்லம் காய்ச்சும் கொட்டகையில், கொலுசுப் பட்டறையில், தறிவீட்டில், மாட்டுத் தொழுவத்தில் உழைக்கும் தாய்மார்களின் தொழிலை எழுதப் போவது நம் விரல்களே. அண்டை வீட்டாருக்கும் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஊருக்கு எத்தனை வேலைவாய்ப்பு, எவ்வளவு கடனுதவி, எத்தனை பேருந்து வேண்டும் என்று திட்டமிடுவோர் பார்ப்பது நம் வீட்டை அன்று. நாம் தரும் எண்ணை.

நண்பர்களே, ஒருமுறை நான் தவறாக எழுதிவிட்டேன். மறுமுறை எழுதமாட்டேன்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் மாணவன்