உங்கள் பிள்ளை என்ன கேட்கிறான்?



நகரங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் பல பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பாஸ்டர், எங்கள் பிள்ளை எந்நேரமும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கதவை அடைத்துக்கொள்கிறான். என்ன கேட்கிறான் என்றே தெரியவில்லை." இந்த மாதம் அதைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். நான் எழுதப்போகும் சம்பவம் அதியன்னூரில் நடந்தது. அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன்.

அதியன்னூர், நெய்யாற்றின்கரையை ஒட்டிய ஊர். ஒரே திண்ணையில் தமிழும் மலையாளமும் கலந்து பேசப்படும் எல்லைப் பகுதி. கடந்த விடுமுறையில், பெங்களூரில் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் தம் மனைவி, மகனோடு அங்கே தாயாரைப் பார்க்க வந்திருந்தார். மகனுக்கு 17 வயது. ஒரு மாலையில் அம்மச்சி குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது, பேரனின் அறையிலிருந்து பயங்கரமான உறுமல் கேட்டது. ஹெட்போன் இணைப்பு கழன்று, பாட்டு ஃபோனிலிருந்தே வெளியே ஒலித்திருக்கிறது. அம்மச்சிக்கு அது தெரியாது. பேரனின் தொண்டையிலிருந்துதான் அந்தச் சத்தம் வருகிறது என்று எண்ணி, இயேசுவின் நாமத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே தரையில் அமர்ந்துவிட்டார்கள்.

தகப்பனார் உள்ளே சென்று ஃபோனைப் பிடுங்கினார். அதில் 'கிரைண்ட்கிரஷர்' என்றொரு பாடல் தொகுப்பு இருந்தது. இசைக்குழுக்களின் பெயர்களை ஒவ்வொன்றாய் வாசித்தார். 'நோயுற்ற தேவதூதன்' என்று பொருள்படும் 'மார்பிட் ஏஞ்சல்', 'பிணம்' என்று பொருள்படும் 'கார்கஸ்', 'அசுத்தக் கிறிஸ்தவர்கள்' என்று பொருள்படும் 'ஃபில்தி கிறிஸ்டியன்ஸ்'! அவருடைய கை நடுங்கியது. எனக்குத் தொலைபேசி வந்தது. "பாஸ்டர், உடனே வாருங்கள். பிள்ளையை ஏதோ ஆவி பிடித்திருக்கிறது. விடுதலைக்காக ஜெபிக்க வேண்டும்."

நான் சென்றபோது வீடே உபவாசக் கூட்டத்துக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. பையன் கட்டிலின் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் நான் கண்டது பிசாசின் பிடியல்ல, வெட்கமும் கோபமுமே. அவன் பக்கத்தில் அமர்ந்து, "மக்களே, நீ கேட்டதை எனக்கும் கொஞ்சம் கேட்கக் கொடு" என்றேன். அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். தகப்பனாரும் அப்படியே பார்த்தார்.

நான் கேட்டது என்ன?

உண்மையைச் சொல்லுகிறேன், என் காதுகளுக்கு அது இன்பமாயிருக்கவில்லை. ஆனால் பையன் விளக்க விளக்க, அந்த இரைச்சலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டென்று புரிந்தது.

'கிரைண்ட்கிரஷர்', இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் டிக்பி பியர்சன் என்பவர் தொடங்கிய 'இயர்ஏக்' என்னும் இசை நிறுவனம் 1989-இல் வெளியிட்ட தொகுப்பு. இயர்ஏக் என்றாலே காதுவலி என்று பொருள்! அக்காலத்தில் இத்தகைய பாடல்களை வானொலியில் கேட்பது அரிது. ஆகையால் ஒவ்வொரு குழுவிடமிருந்தும் ஒரு பாடலை எடுத்து, ஒரே தட்டில் சேர்த்து, புதியவர்களுக்கு அறிமுகம் செய்தார்கள். சமையற்காரர் ஒரு கரண்டி ருசி பார்க்கக் கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பெயரில் ஓர் இசைப் பயணமும் அந்த ஆண்டில் நடந்தது.

அதில் இரண்டு வகை இசை உண்டு. ஒன்று 'டெத் மெட்டல்'. அமெரிக்காவில் 1980-களின் நடுவில் பிறந்தது. 'பொசெஸ்ட்' என்ற குழு 1985-இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பு 'ஏழு சபைகள்' என்பதைக் கேட்டால் வெளிப்படுத்தின விசேஷம் வாசிக்கிற நீங்கள் திடுக்கிடுவீர்கள். ஃபிளோரிடாவைச் சேர்ந்த 'டெத்' என்ற குழுவின் முதல் ஆல்பம் 1987-இல் வந்தது. கித்தாரின் சுருதியைத் தாழ்த்தி, டிரம்ஸை மிக வேகமாய் அடித்து, குரலை உறுமலாக மாற்றிப் பாடுவது இதன் முறை. அந்த உறுமல் பிசாசின் குரலன்று. நம் குரல்நாண்களுக்குச் சற்று மேலே 'போலிக் குரல்நாண்கள்' என்ற மடிப்புகள் உண்டு. பயிற்சியினால் அவற்றை அதிரச் செய்து எழுப்பும் சத்தம் அது. இதைப் பையன்தான் எனக்குச் சொன்னான். நான் அம்மச்சிக்குச் சொன்னேன். அவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

மற்றொன்று 'கிரைண்ட்கோர்'. இதன் முன்னோடி, பர்மிங்காமுக்கு அருகிலுள்ள மெரிடன் கிராமத்தில் 1981-இல் தோன்றிய 'நேபாம் டெத்' குழு. 1987-இல் வந்த இவர்களுடைய முதல் ஆல்பத்தில் 28 பாடல்கள். அவற்றில் ஒன்று ஒன்றேகால் விநாடிக்குச் சற்றே அதிகமாக மட்டுமே நீடிக்கிறது. உலகின் மிகச் சிறிய பாடல் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. நாம் 'ஆமென்' என்று சொல்லி முடிப்பதற்குள் அது முடிந்துவிடும்!

வார்த்தைகளைக் குறித்து

பிரியமானவர்களே, இசையைவிட வார்த்தைகளே எனக்குக் கவலை. எனவே பையனை வரிகளை வாசித்துக் காட்டச் சொன்னேன். மூன்று விதமான வரிகளைக் கண்டேன்.

முதலாவது, தேவனையும் சபையையும் வெளிப்படையாகத் தூஷிக்கிறவை. 'மார்பிட் ஏஞ்சல்' பாடல் அப்படிப்பட்டது. இதை நான் மழுப்பமாட்டேன். விசுவாசக் குடும்பத்தில் இதற்கு இடமில்லை என்று அவனிடம் நேராகவே சொன்னேன்.

இரண்டாவது, சரீரத்தின் அழிவை வர்ணிக்கிறவை. லிவர்பூலைச் சேர்ந்த 'கார்கஸ்' குழு மருத்துவப் பாடநூலின் சொற்களைக் கொண்டு இப்படி எழுதியது. அதன் உறுப்பினர்களில் சிலர் புலால் உண்ணாதவர்கள் என்பதைப் பையன் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. அருவருப்பான வரிகள்தாம்.

மூன்றாவது வகை என்னை யோசிக்க வைத்தது. 'நேபாம் டெத்' பாடுவது யுத்தத்துக்கு எதிராக, இனவெறிக்கு எதிராக, ஏழைகளை உறிஞ்சும் பெரிய நிறுவனங்களுக்கு எதிராக. ஆமோஸ் தீர்க்கதரிசி கோபங்கொண்ட அதே அநியாயங்கள்! அவர்கள் நம் தேவனை அறியாமல் கத்துகிறார்கள். நாம் தேவனை அறிந்தும் அந்த அநியாயங்களைக் குறித்து வாய் திறப்பதில்லை.

இந்த இசை நம் தேசத்துக்குப் புதிதும் அல்ல. பெங்களூரில் 'டையிங் எம்ப்ரேஸ்' குழு 1990-களின் தொடக்கத்திலேயே இதை வாசித்தது. 2012 முதல் 'பெங்களூர் ஓப்பன் ஏர்' என்ற மெட்டல் விழா அங்கே நடத்தப்பட்டு வந்திருக்கிறது. மிசோராமில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். அங்கிருந்தும் 'தேர்ட் சாவரின்' என்ற டெத் மெட்டல் குழு எழும்பியது. ஷில்லாங்கின் 'பிளேக் த்ரோட்' 2014-இல் ஜெர்மனியின் வாக்கன் விழா வரை சென்றது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஸ்டீவ் ரோ என்ற விசுவாசி 1990-இல் 'மார்டிஃபிகேஷன்' என்ற குழுவைத் தொடங்கி, இதே உறுமலில் கிறிஸ்துவைப் பாடினார். 1996-இல் இரத்தப் புற்றுநோய் கண்டபோதும் அவர் விசுவாசத்தை விடவில்லை. ஆகவே சத்தத்தை மட்டும் கேட்டு ஒருவனுடைய ஆத்துமாவை அளந்துவிட முடியாது.

நான் செய்த தவறு

இவ்வளவு பொறுமையாய் நான் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதை எழுத எனக்குக் கூச்சமாயிருக்கிறது.

வேதாகமக் கல்லூரியை முடித்து ஊழியத்துக்கு வந்த புதிது, 1990-களின் கடைசி. ஒரு வாலிபர் கூட்டத்தில், உலகப் பாட்டு கேசட்டுகளைக் கொண்டுவந்து எரிக்கும்படி நான் அழைப்புக் கொடுத்தேன். அநேகர் கொண்டுவந்தார்கள். ஒரு வாலிபன் மட்டும் தயங்கி நின்றான். அவனுடைய பையிலிருந்த கேசட்டுகளை நானே எடுத்து நெருப்பில் போட்டேன். கூட்டம் "அல்லேலூயா" என்று ஆர்ப்பரித்தது. அவற்றில் ஒன்று, வளைகுடாவில் வேலை செய்தபோது மரித்துப்போன அவனுடைய தகப்பன் குரலைப் பதிவு செய்து வீட்டுக்கு அனுப்பியது. பாட்டு அல்ல. இதை அவனுடைய தாயார் மறுநாள் வந்து சொல்லித்தான் அறிந்தேன். நான் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. அவன் அதற்குப் பிறகு எந்தச் சபையின் வாசலையும் மிதித்ததாக நான் அறியேன். இரண்டு முறை தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். முதல் முறை கதவு திறக்கப்படவில்லை. இரண்டாம் முறை திறந்தான்; கேட்டுக்கொண்டான்; ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டான்.

பையன் சொன்னது

அதியன்னூர் வீட்டில், நான் பாட்டைக் கேட்டு முடித்தபின், மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "இதைக் கேட்கும்போது உனக்குள் என்ன நடக்கிறது?" என்றேன். வெகுநேரம் மௌனமாயிருந்தான். பிறகு சொன்னான்: "பாஸ்டர், ஐந்து வருஷத்தில் மூன்று பள்ளிக்கூடம் மாறினேன். அப்பா வீடு மாற்றும்போதெல்லாம் நானும் மாறினேன். அங்கே என் பேச்சைக் கேலி செய்கிறார்கள். வீட்டில் மார்க்கை மட்டும் கேட்கிறார்கள். இந்தப் பாட்டுக் கேட்கிற நான்கு பேர்தான் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கோபமாய் இருக்கும்போது இது எனக்குப் பதிலாகக் கத்துகிறது. அப்புறம் தூக்கம் வருகிறது."

அவன் சொன்னதை ஆராய்ச்சிகளும் ஓரளவு ஒத்துக்கொள்கின்றன. 2015-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார், இத்தகைய இசையை விரும்பும் 39 பேரைக் கோபமூட்டியபின் அந்த இசையைக் கேட்கச் செய்தார்கள்; அவர்களுடைய கோபம் வளரவில்லை, தணிந்தது. 2019-இல் சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழக ஆய்வு, டெத் மெட்டல் ரசிகர்கள் வன்முறைக் காட்சிகளைக் கண்டு மற்றவர்களைப் போலவே பாதிக்கப்படுகிறார்கள், மனம் மரத்துப்போகவில்லை என்று காட்டியது. இவை சிறிய ஆய்வுகள். இவற்றை வைத்து எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆனால் "இதைக் கேட்டவன் கொலைகாரனாவான்" என்று மேடையில் முழங்குவதற்கும் நமக்கு ஆதாரமில்லை.

பெற்றோருக்குச் சில ஆலோசனைகள்

1. பறிப்பதற்கு முன் கேளுங்கள். ஒரு பாட்டையாவது பிள்ளையோடு அமர்ந்து முழுவதும் கேளுங்கள். பேச முந்துவதைவிடக் கேட்க முந்தும்படி யாக்கோபு நமக்குக் கற்பிக்கிறார்.

2. வரிகளை வாசிக்கச் சொல்லுங்கள். எது தூஷணம், எது துக்கம், எது நியாயமான கோபம் என்று அவனே பகுத்தறியட்டும். தூஷணத்துக்கு "வேண்டாம்" என்று அன்போடும் உறுதியோடும் சொல்லுங்கள்.

3. சத்தத்துக்கு அளவு வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணிநேரம் வரை கேட்கலாம்; 90 டெசிபல் என்றால் 4 மணிநேரம் மட்டுமே. இழந்த செவிப்புலன் திரும்பாது. இதைச் சொல்லும் நாமும் நம்மைச் சோதித்துப்பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நினைவுகூருங்கள். சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஒலிபெருக்கியையும் டிரம்ஸையும் குறித்து அயலகத்தார் தொடுத்த வழக்கு அது. பிறருடைய அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்று நீதிமன்றம் கூறியது. நம்முடைய பாக்ஸ்களின் சத்தம் அயலானுக்கு எப்படிக் கேட்கிறது?

4. அபாய அடையாளங்களை அசட்டை பண்ணாதீர்கள். தூக்கமும் பசியும் குறைந்து, நண்பர்களையும் விட்டு ஒதுங்கி, சாவைக் குறித்துப் பேசினால், பாட்டைக் குற்றப்படுத்திக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். ஜெபியுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

5. துக்கத்துக்கு வீட்டில் இடங்கொடுங்கள். யோபு தான் பிறந்த நாளையே சபித்தான். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. இவற்றை வேதத்தில் வைத்த தேவன், உங்கள் பிள்ளையின் கதறலுக்கு அஞ்சுகிறவரல்ல. நம் குடும்ப ஜெபத்தில் ஸ்தோத்திரத்துக்கு மட்டும் இடமிருந்தால், அழுகை வேறு வீடு தேடிப்போகும்.

அன்றிரவு நான் விடுதலை ஜெபம் செய்யவில்லை. தகப்பனையும் மகனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, இருவர்மேலும் கைவைத்துச் சாதாரணமாய் ஜெபித்தேன். அம்மச்சி கட்டஞ்சாயாவும் வேகவைத்த மரச்சீனியும் கொண்டுவந்தார்கள். "மக்களே, அந்த ஆளுக்குத் தொண்டை வலிக்காதா?" என்று பேரனிடம் கேட்டார்கள். அவன் அந்த விடுமுறையில் முதன்முறையாகச் சிரித்தான்.

அவன் அந்த இசையை விட்டுவிட்டான் என்று சாட்சி எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சில பாடல்களை அவனாகவே நீக்கினான். மற்றவற்றை இன்னும் கேட்கிறான். ஆனால் போன வாரம் பெங்களூரிலிருந்து தகப்பனார் பேசினார். "பாஸ்டர், இப்போது கதவைத் திறந்து வைத்துக் கேட்கிறான். நேற்று என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னான். ஒன்றும் புரியவில்லை. உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

அருமையான பெற்றோரே, சவுல் ராஜா கலங்கினபோது தாவீது சுரமண்டலத்தோடு அவனருகே அமர்ந்தான். உங்கள் பிள்ளை கலங்கும்போது அருகே அமரத் தாவீதின் தாலந்து தேவையில்லை. இன்றிரவே அவனுடைய கதவைத் தட்டுங்கள். என்ன கேட்கிறான் என்று கேளுங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களைக் காத்து நடத்துவாராக. ஆமென்.