டி.வி. பார்த்து நாயை அடக்குறீங்களா? உஷாரய்யா உஷாரு!

விருதுநகர்: மத்த ஊர்க்காரர்களுக்கு வெடிச் சத்தம் தீபாவளியோடு சரி. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் கதையே வேற. சாம்பிள் வெடி, கோவில் திருவிழா, கல்யாணம், கட்சி ஊர்வலம் என வருஷம் பூரா ஏதாவது ஒன்று வெடித்துக்கொண்டே இருக்கும். நாம பழகிட்டோம். வீட்டில் இருக்கிற நாய்?

மனுஷன் காதுக்கு சுமார் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு அதைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். வெடி போட்டதும் கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்குகிறது. சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. தொடப் போனால் 'உர்'ரென்கிறது.

இதுக்கு என்ன வழி என்று செல்போனைத் தட்டினால் போதும்... வீடியோக்கள் வந்து கொட்டுகின்றன. 'நீதான் தலைவன்னு நாய்க்கு காட்டு', 'மல்லாக்க தள்ளி அமுக்கு', 'கண்ணைப் பார்த்து முறை', 'பயப்படுற இடத்துக்கே இழுத்துட்டுப் போ'. பார்க்க ஜோராத்தான் இருக்கு. செய்து பார்த்தால்தான் தெரியும் வினை!

டி.வி. ஸ்டார் மில்லன்

இந்த 'தலைவன்' பாணியை உலகம் முழுக்க பிரபலமாக்கியதில் பெரும் பங்கு சீசர் மில்லனுக்கு உண்டு. மெக்சிகோவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கால்நடை டாக்டர் படிப்பு எதுவும் கிடையாது. அனுபவத்தில் கற்றவர். 2004-ல் நேஷனல் ஜியாகிரபிக் சேனலில் தொடங்கிய இவரது 'டாக் விஸ்பரர்' நிகழ்ச்சி 2012 வரை ஓடியது.

அந்த நிகழ்ச்சியிலேயே ஓர் எச்சரிக்கை வரும். 'நிபுணரைக் கேட்காமல் நீங்களாக இதைச் செய்யாதீர்கள்' என்பதுதான் அது. எத்தனை பேர் படித்தார்கள்? 2012-ல் ஹோலி என்ற லாப்ரடார் நாயை சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் வைத்து அடக்கப் போனபோது, அது மில்லன் கையையே பதம் பார்த்தது. கைதேர்ந்த ஆளுக்கே இந்த கதி என்றால், ஷிப்ட் முடிந்து களைத்து வருகிற நமக்கு?

ஓநாய் கதை புஸ்ஸ்!

'கூட்டத்துக்கு ஒரு தலைவன், அவன் அடிச்சு அடக்குவான்' என்ற கதை எங்கிருந்து வந்தது? 1947-ல் ருடால்ப் ஷெங்கல் என்பவர், அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மெக்கும் 1970-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அந்தக் கருத்தைச் சொன்னார். பிறகு காட்டில் நேரில் பார்த்தவர், 1999-ல் அதை மாற்றிக்கொண்டார். ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, குட்டிகள் உள்ள குடும்பம்தான், அடிதடி ராஜ்ஜியம் இல்லை என்று எழுதினார். ஓநாய்க்கே பொருந்தாத கதையை நம்ம மணிக்கும் டைகருக்கும் பொருத்தினால் எப்படி?

பென்சில்வேனியா பல்கலைக்கழக கால்நடை டாக்டர்கள் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு நாயைக் கொண்டு வந்தவர்களிடம் கேட்டதில் தெரிந்தது இது. அடித்து உதைத்தவர்களில் நூற்றுக்கு 43 பேரின் நாய் திருப்பித் தாக்க வந்தது. மல்லாக்க அமுக்கியவர்களில் 31 பேர். முறைத்துப் பார்த்தவர்களிலேயே 30 பேர்!

உறுமல்தான் திரி

நம்ம ஊர்க்காரருக்கு ஒரே வார்த்தையில் புரியும். நாயின் உறுமல்தான் வெடியின் திரி. திரி எரிவதைப் பார்த்துத்தான் ஓடித் தப்பிக்கிறோம். அடித்து உறுமலை நிறுத்தினால் நாயின் பயம் போய்விடாது. மருந்து உள்ளேயே இருக்கும், திரி மட்டும் இருக்காது. அப்புறம் ஒருநாள் எச்சரிக்கையே இல்லாமல் 'டமால்'. பெரும்பாலும் மாட்டுவது தட்டுப் பக்கம் தவழ்ந்து போகிற சின்னப் பிள்ளை.

பயந்த நாயை வெடி போடும் இடத்துக்கே இழுத்துப் போவதும் இதே ரகம். கொஞ்ச நேரத்தில் அசையாமல் நிற்கும். 'பார்த்தியா, பயம் தெளிஞ்சிருச்சு' என்போம். தெளியவில்லை. தப்பிக்க வழியில்லை என்று கை விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

நம்ம ஊரு ராஜபாளையம்

2005 ஜனவரியில் தபால் தலையில் ஏறிய பெருமை நம்ம ராஜபாளையம் நாய்க்கு உண்டு. காவலுக்குப் பேர் போனது. சட்டென்று வேற்றாளிடம் ஒட்டாது. இதை அமுக்கிப் பழக்க நினைத்தால் ஆபத்து அதிகம்.

இன்னொரு சங்கதி. முழு வெள்ளையாகப் பிறக்கும் இந்த இனத்தில் சில குட்டிகளுக்கு பிறவியிலேயே காது கேட்காது. கூப்பிட்டால் திரும்பாது. 'திமிரு' என்று அடிக்கிறோம். பாவம், அதுக்கு கேட்கவே இல்லையே! முதலில் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். தட்டும் காற்று மேலே படாமல் தள்ளி நின்று தட்டணும்.

என்ன செய்யலாம்?

2018 சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் தீபாவளி வெடிக்கு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என நேரம் ஒதுக்குகிறார்கள். அதுக்கு முன்பே நடக்கக் கூட்டிப் போய், சாப்பாடு வைத்து, ஜன்னல் சாத்திய ரூமில் பேன், டி.வி. போட்டு விடுங்கள். வாசலில் கட்டிப் போடாதீர்கள். ஒளிந்தால் இழுக்காதீர்கள்.

இரண்டு மூன்று மாதம் முன்பே, போனில் வெடிச் சத்தத்தை மெதுவாக வைத்து, கூடவே அதுக்குப் பிடித்த தீனி கொடுங்கள். பயப்படாவிட்டால் மட்டும் நாள்பட சத்தத்தைக் கூட்டுங்கள். ரொம்ப நடுங்கினால் அரசு கால்நடை மருத்துவமனைக்கு கொண்டு போங்கள். நாம போடுற தூக்க மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

மீறிக் கடித்துவிட்டால், சொந்த நாய்தானே என்று மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்ட வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். சொன்ன தேதியில் எல்லா ஊசியும் போடணும். வெறிநாய்க்கடி நோய் முற்றினால் உயிர் பிழைப்பது அரிது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்தால் கேஸும் வரலாம். அஜாக்கிரதையாக இருந்த வளர்ப்பவருக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும் சேர்த்து என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவு.

ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற ஒவ்வொரு நாளும் நமக்கு ஒரு நாள் கூலி. டி.வி.யில் அரை மணி நேரத்தில் நாய் திருந்தும், வெட்டி ஒட்டுவதால். வீட்டில் மாசக்கணக்கில் பொறுமை வேணும். வெடி ஆலையில் வீடியோ பார்த்து மருந்து கலக்குவோமா? அதே ஜாக்கிரதை நாய் விஷயத்திலும் இருக்கட்டும்!