தூரத்து அடிமைகள்

அமெரிக்க அடிமை முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில் ஒரு சௌகரியம் உண்டு: அது தூரத்தில் நடந்தது. 1863, லிங்கன், விடுதலை, மணி அடித்துவிடுகிறது. 1838இல் தானே தப்பி ஓடிய பிரெடெரிக் டக்ளஸ் வகுப்புக்குள் வருவதில்லை. விடுதலை என்பது மேலிருந்து கொடுக்கப்படுவது என்ற பாடம்தான் மிஞ்சுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சிக்கல் இன்னும் நுட்பமானது. இங்கே அடிமை பக்தியின் சொல். மார்கழி முழுக்க ஆண்டாளோடு சேர்ந்து, ஆட்படுவதைப் பேறாகப் பாடும் குழந்தையிடம் அதே சொல்லால் மிஸிஸிப்பியின் சவுக்கடியை எப்படிச் சொல்வது? நம் மொழிபெயர்ப்பாளர்கள் யாருக்கும் இதனால் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

ராஜபாளையத்தில் சொல்லலாம், பஞ்சு இருக்கிறது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டு அமெரிக்கப் பஞ்சு வரத்து நின்றதும் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. அடிமைகள் பறித்த பஞ்சின் இடத்துக்கு நம் கரிசல் பஞ்சும் போயிற்று. இங்கே பறித்தவர்கள் யார், என்ன கூலிக்கு? அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்கலாகாது என்ற சட்டம் இந்தியாவில் 1843இலேயே வந்தது, லிங்கனுக்கு இருபது வருஷம் முன்பு. பண்ணையாள் கடனில் கட்டுண்டேதான் கிடந்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு 1976 ஆயிற்று. அதற்குப் பிறகும், கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி மூன்று வருஷம் பெண்களை மில் விடுதியில் வெளியே விடாமல் வைத்திருந்ததற்குச் 'சுமங்கலி' என்று பெயர். கவித்துவத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

இவற்றையும் லிங்கனையும் ஒரே பாடமாக வைக்கட்டும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அக்கா அப்படியொரு விடுதியிலிருந்து திரும்பியவளாக இருக்கக்கூடும். அவளைக் கேட்டுவிட்டு நடத்துவதில் வாத்தியாருக்கு வெட்கம் வேண்டாம்.