கள்ளன் கொன்றது 3 பேர். ஊர் கொன்றது 3 பேர்!

பத்துப் பேர் ஒரு விண்கப்பலில் போகிறார்கள். கம்பியை ஒட்டுவது, குப்பையை வெளியேற்றுவது, இயந்திரத்தைச் சரி பார்ப்பது என்று ஆளுக்கொரு வேலை. ஆனால் அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேர் வேஷக்காரர்கள்! வேலை செய்வதுபோல் பாசாங்கு செய்வார்கள். யாரும் பார்க்காத சமயத்தில் பக்கத்தில் இருப்பவரைத் தீர்த்துக் கட்டுவார்கள். விளக்கை அணைப்பார்கள். பிராண வாயுவைக் கெடுப்பார்கள். பிணத்தைக் கண்டவர் தகவல் கொடுத்ததும் எல்லோரும் கூடுவார்கள். "யார் கள்ளன்?" என்று பேசுவார்கள். ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியே தள்ளுவார்கள்.

இது சினிமாக் கதை அல்ல. "அமாங் அஸ்" என்ற விளையாட்டு. 2018-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் அதைச் சீந்துவார் இல்லை. 2020-ல் கொரோனா நோய் உலகத்தையே வீட்டுக்குள் பூட்டி வைத்தபோது, ஊர் ஊராகப் பரவியது. அந்த ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்கப் பாராளுமன்ற அங்கத்தினர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் என்ற அம்மையார் இதை ஆடிக் காட்டினார். 4 லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்!

பிள்ளை கைபேசியைப் பிடித்துக்கொண்டு, "அவன்தான், அவன்தான்! தள்ளு அவனை!" என்று கத்துகிறான். "படிப்பைக் கெடுக்கும் சனியன்" என்று பெற்றோர் திட்டுகிறார்கள். திட்டலாம். ஆனால் அந்த ஆட்டத்துக்குள் பெரியவர்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

மாஸ்கோவில் பிறந்த ஆட்டம்

இந்த ஆட்டத்தின் தாய், "மாபியா" என்ற பழைய ஆட்டம். அதற்குக் கைபேசி வேண்டாம். நாலு நாற்காலியும் ஒரு கூட்டமும் போதும். மாஸ்கோ சர்வகலாசாலையில் மனோதத்துவம் படித்த டிமித்ரி டேவிடாப் என்பவர் 1986-ல் அதை உண்டாக்கினார். 1997-ல் ஆண்ட்ரூ பிளாட்கின் என்ற அமெரிக்கர் கொள்ளைக் கூட்டத்தை எடுத்துவிட்டு, மனித உருவில் திரியும் ஓநாயை வைத்தார். பெயர் மாறியது, ஆட்டம் மாறவில்லை.

முறை சுலபம். இரவில் எல்லோரும் கண்ணை மூடுவார்கள். கள்ளர்கள் மட்டும் கண் திறந்து, ஒருவரைக் கொல்லக் குறிப்பார்கள். பகலில் ஊர் கூடும். சந்தேகப்படும் ஆளை ஓட்டுப் போட்டு வெளியேற்றும். கள்ளர் எல்லோரும் போய்விட்டால் ஊருக்கு வெற்றி. கள்ளரும் நல்லவரும் சரி சமம் ஆகிவிட்டால் கள்ளருக்கு வெற்றி.

கணக்கைப் பாருங்கள்!

பத்துப் பேர். இரண்டு பேர் கள்ளர். எட்டுப் பேர் நல்லவர்.

முதல் இரவு ஒருவர் சாகிறார். மிச்சம் 7 நல்லவர். பகலில் ஊர் கூடித் தவறான ஆளைத் தள்ளுகிறது. மிச்சம் 6. இரண்டாம் இரவு ஒருவர், மிச்சம் 5. பகலில் மறுபடியும் தவறான ஆள், மிச்சம் 4. மூன்றாம் இரவு ஒருவர், மிச்சம் 3. மூன்றாம் பகலிலும் தவறு, மிச்சம் 2. நல்லவர் இருவர், கள்ளர் இருவர். ஆட்டம் முடிந்தது!

செத்த நல்லவர்கள் ஆறு பேர். கள்ளர் கொன்றது மூன்று. ஊர் கொன்றது மூன்று!

இரண்டு கள்ளர்களால் எட்டுப் பேரைத் தனியாக இவ்வளவு சீக்கிரம் வெல்ல முடியாது. பாதி வேலையை ஊரே செய்து கொடுக்கிறது. "அவன் முழி சரியில்லை", "பேசாமல் இருக்கிறான்", "அதிகமாகப் பேசுகிறான்" என்று சொல்லிச் சொல்லி, நல்லவர்கள் நல்லவர்களையே தள்ளுகிறார்கள். கள்ளன் செய்வதெல்லாம் ஒன்றுதான். "ஆமாம், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது" என்று ஒத்து ஊதுவான்!

2008-ல் மூன்று கணித நிபுணர்கள் இந்த ஆட்டத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். துப்பறிபவர் இல்லாத ஊரில் கள்ளர் கூட்டம் மிகச் சிறியதாக இருந்தாலும் ஜெயிக்க வாய்ப்பு உண்டாம். 10,000 பேர் உள்ள ஊரில் நூறு என்ற கணக்கில் இருந்தாலே இரு கட்சியும் ஈடு கொடுத்து நிற்கும். ஆனால் உண்மையைத் துப்பறிபவர் ஊரில் இருந்தால் கதை வேறு. அப்போது ஊரில் கணிசமான பங்கு கள்ளராக இருந்தால்தான் அவர்கள் பக்கம் காற்று வீசும். ஆள் பலம் அல்ல, உண்மை தெரிந்திருப்பதே ஊருக்குப் பலம்!

கூடினால் துணிச்சல்

தனியாக இருக்கும்போது நிதானமாக இருக்கும் மனிதன், கூட்டத்தில் ஏன் அவசரப்படுகிறான்?

1961-ல் ஜேம்ஸ் ஸ்டோனர் என்ற அமெரிக்க மாணவர் ஒரு சோதனை செய்தார். நிச்சயமான சம்பளத்தை விட்டுவிட்டு, நிலைக்குமோ நிலைக்காதோ என்ற புதுக் கம்பெனியில் ஒருவர் சேரலாமா? இப்படிப்பட்ட கேள்விகளை முதலில் தனித்தனியாகக் கேட்டார். பிறகு கூடிப் பேசி முடிவு சொல்லச் சொன்னார். கூடிப் பேசியவர்கள், தனியாகச் சொன்னதைவிட அபாயமான வழியையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள்!

பின்னால் வந்த ஆராய்ச்சிகள் இன்னும் தெளிவாக்கின. கூட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, பேசப் பேச அந்தப் பக்கமே மேலும் சாய்கிறது. பயந்த கூட்டம் மேலும் பயப்படும். துணிந்த கூட்டம் மேலும் துணியும். சந்தேகப்பட்ட கூட்டம் கல்லை எடுக்கும்.

காரணம் என்ன? பழியைப் பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பது ஒன்று. "நான் ஒருவனா சொன்னேன்? எல்லோரும்தானே சொன்னார்கள்!" என்று மனம் சமாதானம் சொல்கிறது.

நாசவேலைக்கு ஒரு புத்தகம்

மறைந்திருந்து கெடுப்பவர்கள் விளையாட்டில் மட்டும் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944-ல் அமெரிக்க உளவு இலாகா ஒரு சிறு புத்தகம் தயாரித்தது. எதிரியின் பிடியில் உள்ள நாடுகளில் சாதாரண ஜனங்கள் எப்படி நாசவேலை செய்யலாம் என்பதே விஷயம். வெடிகுண்டு வைக்கச் சொல்லவில்லை. ஆபீசில் எதையும் கமிட்டிக்கு அனுப்பு. நீண்ட பிரசங்கம் செய். சம்பந்தமில்லாத பேச்சை எடு. முடிந்த தீர்மானத்தை மறுபடி கிளறு — இவையும் அதில் உள்ள யோசனைகள்!

ஆகவே கெடுப்பவனுக்கு இரண்டு வழி உண்டு. அவசரப்படுத்தியும் கெடுப்பான், இழுத்தடித்தும் கெடுப்பான். ஆட்டத்திலும் அப்படித்தான். "யாரையும் தள்ள வேண்டாம்" என்று ஊர் தினமும் சும்மா இருந்தால், இரவுக்கு ஒருவராக எல்லோரும் போய்விடுவார்கள். வேகம் தவறு, மெதுவாகப் போவது சரி என்று சொல்லிவிட முடியாது. "யார் பார்த்தது? எங்கே பார்த்தது? அப்போது கூட இருந்தது யார்?" என்று கேட்பதே சரி. விண்கப்பல் ஆட்டத்தில் ஜெயிக்கும் கூட்டம் இந்த மூன்று கேள்விகளைக் கேட்ட கூட்டம்தான்.

விளையாட்டு வினையானது

ஆட்டத்தில் தவறாகத் தள்ளப்பட்டவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வருவான். வாழ்க்கையில் வரமாட்டான்.

2018-ல் "பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்" என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் நாடெங்கும் பரவியது. அந்த ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு மூதாட்டியை ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. ஜூலை 1-ந் தேதி மராட்டிய மாநிலம் துலே மாவட்டத்தில் ரெயின்படா என்ற ஊரில் 5 பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் யாரும் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் அல்ல! அந்த ஜூலையிலேயே வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 அரட்டைகளுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி கட்டுப்பாடு அறிவித்தது.

அந்த ஊர்களில் பிள்ளை பிடிப்பவன் என்ற கள்ளனே இல்லை. கள்ளன் இல்லாமலே ஊர் ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டது! வதந்தியைத் தட்டிவிட்ட ஒவ்வொரு விரலும் ஓர் ஓட்டு.

ஒரே ஒரு குரல்

இதற்கு மருந்து இல்லையா? உண்டு. அது மலிவானது, ஆனால் கசப்பானது.

1950-களில் சாலமன் ஆஷ் என்ற மனோதத்துவ நிபுணர் ஒரு சோதனை நடத்தினார். சில கோடுகளைக் காட்டி, எது எதற்குச் சமம் என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும், சொல்லி வைத்தபடி தவறான விடையைச் சொன்னார்கள். அந்த ஒருவர் என்ன செய்தார்? சோதிக்கப்பட்ட நாலு பேரில் மூன்று பேர், ஒரு தடவையாவது கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார்கள்!

ஆனால் இன்னொன்றையும் ஆஷ் கண்டார். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் போதும். பக்கத்தில் இருப்பவருக்குத் தைரியம் வந்துவிடுகிறது. தவறுக்குத் தலையாட்டுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அந்த ஒரு குரல் எங்கே பிறக்கும்? வீட்டில்தான். "எல்லோரும் சொல்கிறார்களே!" என்று பிள்ளை சொன்னால், "யார் பார்த்தார்கள்?" என்று தாய் திருப்பிக் கேட்க வேண்டும். கைபேசியில் வந்த சேதியைத் தகப்பனார் அப்படியே நாலு பேருக்கு அனுப்பினால், "அப்பா, இது உண்மைதானா?" என்று மகள் கேட்க வேண்டும். கேட்டதற்காக அவளை அதட்டக்கூடாது. அதட்டி அடக்கிய பிள்ளை, நாளைக்குக் கூட்டத்தில் வாய் திறக்காது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கள்ளன் இருக்கத்தான் செய்வான். அவனுக்குத் தேவைப்படும் மற்ற மூன்று உயிர்களை ஊர் எடுத்துக் கொடுக்காமல் இருந்தால் போதும்!