சின்னத் தழும்பா, நீண்ட ஆயுளா?

“வயித்தைக் கிழிக்காம, நாலு ஓட்டை மட்டும் போட்டுப் பண்றாங்களாமே டாக்டர்... எங்க அம்மாவுக்கும் அப்படியே பண்ணிடலாமா?”

புற்றுநோய் மருத்துவமனைகளின் ஓ.பி அறையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பது பெரும்பாலும் மகனோ, மருமகனோ. கையில் ஸ்கேன் ரிப்போர்ட் கவர் இருக்கும். போனில் ஏதோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஒன்றும் பேசமாட்டார்.

கேள்வியில் தப்பே இல்லை. பித்தப்பைக் கல்லுக்கும் குடல்வாலுக்கும் லேப்ராஸ்கோப்பி வந்த பிறகு, ஆபரேஷன் முடிந்த இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்து சமையலறையில் நிற்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைப் பார்த்தவர்கள் புற்றுநோய்க்கும் அதையே கேட்பது இயல்பு.

ஆனால், பித்தப்பையை எடுத்துவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. புற்றுநோயில் அப்படியில்லை. ஆபரேஷன் ஜெயித்ததா என்பது தையல் பிரிக்கும் நாளில் தெரியாது. நோய் திரும்பி வருகிறதா, இல்லையா என்று மூன்று, ஐந்து வருடங்கள் காத்திருந்தால்தான் தெரியும். அந்தக் காத்திருப்புக்கு முன்பாகவே ஒரு புதிய முறை உலகம் முழுக்கப் பரவிவிட்டால் என்ன ஆகும்? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் விஷயத்தில் அதுதான் ஆனது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது இந்த நோய். அதனால் இந்தக் கதை நம் வீட்டுப் பெண்களுக்கும் சம்பந்தப்பட்டது.

நூறு வருடப் பழைய ஆபரேஷன்

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் ஆரம்பக் கட்டத்தில் இருந்தால், கர்ப்பப்பையோடு அதைச் சுற்றியுள்ள திசுக்கள், யோனியின் மேல்பகுதி, இடுப்புக்குழியின் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பார்கள். ரேடிகல் ஹிஸ்டரெக்டமி என்று பெயர். வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்தைம் என்ற மருத்துவர் 1898-ல் செய்து காட்டியது. பெரிய ஆபரேஷன்தான். வயிற்றைத் திறந்து செய்ய வேண்டும், ரத்தம் போகும், நாள் கணக்கில் படுக்கையில் இருக்க வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் இதையே லேப்ராஸ்கோப்பியில் செய்ய முடியும் என்று காட்டினார்கள். பிறகு ரோபோ வந்தது. பெண்களுக்கான ஆபரேஷன்களில் டா வின்சி ரோபோவைப் பயன்படுத்த அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ 2005-ல் அனுமதி கொடுத்தது. அடுத்த சில வருடங்களில், அமெரிக்காவில் ஆரம்பக் கட்ட நோய்க்கு நடந்த இந்த ஆபரேஷன்களில் கிட்டத்தட்ட பாதி துளை வழியாகவே நடந்தன.

அப்போது கையில் இருந்த ஆதாரம் என்ன? ரத்த இழப்பு குறைவு, மருத்துவமனை நாள்கள் குறைவு, காயத்தில் சீழ் பிடிப்பது குறைவு. எல்லாம் உண்மை. நோய் திரும்புவதைப் பற்றிக் கேட்டால், ‘பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்தோம், இரண்டு முறையிலும் வித்தியாசமில்லை’ என்றார்கள்.

கேஸ் ஷீட்டைப் புரட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. கட்டி சின்னதாக, உடம்பு திடமாக இருக்கும் நோயாளியைத்தான் டாக்டர் புதிய முறைக்குத் தேர்ந்தெடுப்பார். சிக்கலான கேஸைப் பழைய முறையிலேயே செய்வார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டால் புதிய முறை நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். எளிய வினாத்தாள் ஒருவனுக்கு, கடினமான வினாத்தாள் இன்னொருவனுக்கு என்று கொடுத்துவிட்டு, மார்க்கை மட்டும் ஒப்பிடுவது மாதிரி.

இதைச் சரிசெய்ய ஒரே வழிதான் உண்டு. யாருக்கு எந்த முறை என்பதை டாக்டரும் முடிவு செய்யக் கூடாது, நோயாளியும் முடிவு செய்யக் கூடாது. கம்ப்யூட்டர் குலுக்கல் முடிவு செய்ய வேண்டும்.

பாதியில் நின்ற ஆய்வு

2008-ல் அப்படி ஓர் ஆய்வு தொடங்கியது. பெயர் லாக். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த டாக்டர் பெட்ரோ ராமிரெஸ் தலைமையில், பல நாடுகளின் 33 மருத்துவமனைகள் சேர்ந்தன. கத்துக்குட்டிகள் யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காக, பங்கேற்ற மருத்துவமனைகள் தாங்கள் ஏற்கெனவே துளை முறையில் செய்த 10 ஆபரேஷன்களின் விவரத்தையும், வெட்டி ஒட்டாத இரண்டு வீடியோக்களையும் காட்ட வேண்டியிருந்தது.

துளை முறையைக் குற்றம் சொல்வதற்காக நடந்த ஆய்வில்லை இது. ‘திறந்து செய்வதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை’ என்று நிரூபிப்பதுதான் நோக்கம். 740 பெண்களைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள்.

2017-ல் 631 பேர் சேர்ந்திருந்தபோது, ஆய்வின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் குழு இடையில் கணக்கைப் பார்த்துவிட்டு, இனி யாரையும் சேர்க்க வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னது.

துளை முறைக்குப் போனவர்கள் 319 பேர். திறந்த முறைக்குப் போனவர்கள் 312 பேர். துளை முறையில் 27 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. திறந்த முறையில் 7 பேருக்கு. துளை முறையில் 19 பேர் இறந்திருந்தார்கள். திறந்த முறையில் 3 பேர். நாலரை வருடத்தில் நோயில்லாமல் இருந்தவர்கள் துளை முறையில் 86 சதவிகிதம், திறந்த முறையில் 96.5 சதவிகிதம். 2018-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இது வெளியானபோது பல அறுவை சிகிச்சை நிபுணர்கள் நம்பவில்லை. சிலர் கோபப்பட்டார்கள். ‘திறந்த முறையின் முடிவு வழக்கத்துக்கு மாறாக ரொம்ப நன்றாக இருக்கிறதே, எங்கோ தப்பு நடந்திருக்கிறது’ என்பது அவர்கள் வாதம்.

அதே இதழில் இன்னோர் ஆய்வும் வந்திருந்தது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்த் தரவுகளிலிருந்து, 2010 முதல் 2013 வரை ஆபரேஷன் செய்துகொண்ட 2,461 பெண்களை எடுத்து, வயது, கட்டியின் அளவு போன்றவற்றை ஈடுகட்டி ஒப்பிட்டிருந்தார்கள். நான்கு வருடத்தில் இறப்பு: துளை முறையில் 9.1 சதவிகிதம், திறந்த முறையில் 5.3 சதவிகிதம். இன்னொன்றையும் கவனித்தார்கள். 2006 வரை ஏற்ற இறக்கமில்லாமல் இருந்த உயிர்வாழ்வு விகிதம், துளை முறை பரவத் தொடங்கியதிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு வாதம் ஓய்ந்தது. திறந்த முறையே முதல் தேர்வு என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் மாறின. 2019 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ, ரோபோ கருவிகள் புற்றுநோயைத் தடுக்கவும் குணமாக்கவும் பாதுகாப்பானவை என்பது நிறுவப்படவில்லை என்று எச்சரித்தது. லாக் ஆய்வின் இறுதிக் கணக்கு 2024-ல் வந்தபோதும் முடிவு மாறவில்லை. நாலரை வருடத்தில் உயிரோடிருந்தவர்கள் 90.6 சதவிகிதம், 96.2 சதவிகிதம்.

ரோபோவுக்கான அனுமதிக்கும் இந்த முடிவுக்கும் இடையில் 13 வருடங்கள். அந்த 13 வருடங்களில் நல்லது என்று நம்பிச் செய்தவர்களும் நம்பிச் செய்துகொண்டவர்களும்தான் இருந்தார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதனால்தான் இந்தக் கதை கனமானது.

இன்னொரு திருப்பமும் இருக்கிறது. துளை முறைக்காகச் சொல்லப்பட்ட பெரிய காரணம், நோயாளி சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புவார் என்பது. லாக் ஆய்வில் கலந்துகொண்ட பெண்களிடமே வலி, களைப்பு, அன்றாட வேலை பற்றியெல்லாம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டிருந்தார்கள். ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் இரண்டு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை!

ஏன் இப்படி?

உறுதியான ஒற்றைக் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. அதிகம் சந்தேகிக்கப்படுவது, துளை முறையில் கர்ப்பப்பையை அப்படி இப்படித் திருப்பிப் பிடிக்க யோனி வழியாக உள்ளே செலுத்தும் மேனிபுலேட்டர் என்ற கருவி. கட்டி இருப்பதே கர்ப்பப்பையின் வாயில். அந்தக் கட்டியை உரசிக்கொண்டுதான் கருவி உள்ளே போக வேண்டும். அடுத்து, யோனியை வயிற்றுக்குள்ளேயே வெட்டும்போது கட்டி திறந்துகொள்கிறது. உள்ளே ஊதப்பட்ட கார்பன் டை ஆக்ஸைடு வாயு சுழன்றுகொண்டிருக்க, செல்கள் சிதறலாம். ஐரோப்பாவில் நடந்த சக்கர் என்ற ஆய்வில், மேனிபுலேட்டர் பயன்படுத்திய துளை முறையில் நோய் திரும்பும் ஆபத்து திறந்த முறையைவிட 2.76 மடங்கு இருந்தது. கருவியைத் தவிர்த்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அது பழைய பதிவுகளைப் பார்த்து எழுதியது என்பதால் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. மேனிபுலேட்டர் இல்லாமல், கட்டியை மூடிவைத்து ரோபோவில் செய்தால் எப்படி என்று பார்க்க, ஸ்வீடன் மருத்துவர்கள் தலைமையில் இன்னொரு குலுக்கல் ஆய்வு 2019-ல் தொடங்கியது.

‘அப்போ ரோபோவே வேண்டாமா?’ என்று கேட்டால், அப்படியும் இல்லை. அதே கர்ப்பப்பையில், உள்சவ்வில் வரும் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி பொருத்தமா என்று அமெரிக்காவில் 2,600-க்கும் அதிகமான பெண்களிடம் ஆய்வு நடந்தது. ஐந்து வருட உயிர்வாழ்வு இரு தரப்பிலும் 89.8 சதவிகிதம். புள்ளிக்குப் பின்னால்கூட வித்தியாசமில்லை. பெருங்குடல் புற்றுநோயிலும் அப்படித்தான். ‘துளை போட்ட இடத்திலேயே புற்றுநோய் முளைக்கிறது’ என்று 1990-களில் ஒரு பயம் இருந்தது. 872 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2004-ல் வந்து அந்தப் பயத்தைத் தீர்த்தது. ஒரே வகைக் கருவிதான். உறுப்புக்கு உறுப்பு பதில் வேறு. பிராஸ்டேட்டில் இன்னொரு மாதிரி. பிரிஸ்பேனில் 326 ஆண்களிடம் ரோபோ முறையையும் திறந்த முறையையும் ஒப்பிட்டார்கள். சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்ய உறவிலும் இரண்டு வருடம் கழித்தும் பெரிய வேறுபாடு இல்லை. ரோபோவுக்குக் கூடுதலாகக் கட்டும் பணத்தை நினைத்துப் பார்க்க வைக்கும் முடிவு.

குறைவாக வெட்டுவதே சரி என்று நிரூபணமான இடமும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு மார்பையும் அதன் அடியிலுள்ள தசையையும் சேர்த்து அகற்றும் ஹால்ஸ்டெட் முறைதான் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு கோலோச்சியது. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தால் போதாதா என்று இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் 1970-களில் குலுக்கல் ஆய்வுகளைத் தொடங்கினார்கள். 20 வருடம் பொறுத்து, 2002-ல் இருவரும் முடிவைச் சொன்னார்கள். உயிர்வாழ்வில் வித்தியாசம் இல்லை. இன்று எத்தனையோ பெண்கள் மார்பை இழக்காமல் வீடு திரும்புவதற்கு அந்தப் பொறுமைதான் காரணம்.

என்ன கேட்கலாம்?

ஓ.பி அறையில் அந்த மகன் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். ‘ரோபோவுல பண்ணுவீங்களா?’ என்பதற்குப் பதிலாக, ‘இந்த உறுப்புக்கு, இந்த ஸ்டேஜுக்கு, அஞ்சு வருஷம் கழிச்சு எந்த முறையில நல்லா இருக்காங்க டாக்டர்?’ என்று கேட்கலாம். ‘இதை நீங்க எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க?’ என்று கேட்பதும் மரியாதைக் குறைவு இல்லை. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்து, நோய் பரவும் ஆபத்தும் குறைவு என்றால், பெரிய ஆபரேஷனே தேவையில்லாமலும் போகலாம். 700 பெண்களிடம் நடந்த ஷேப் ஆய்வு 2024-ல் வெளியானது. கர்ப்பப்பையை மட்டும் எளிய முறையில் எடுத்தவர்களில் 2.52 சதவிகிதம் பேருக்கும், ரேடிகல் முறையில் எடுத்தவர்களில் 2.17 சதவிகிதம் பேருக்கும் மூன்று வருடத்தில் இடுப்புக்குழியில் நோய் திரும்பியது. எளிய முறையில் சிறுநீர்ப் பிரச்னைகள் குறைவு. ஆக, தழும்பின் நீளத்தைவிட, உள்ளே எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது சிறுநீர் கழிப்பதில் வரும் தொல்லையை அதிகம் தீர்மானிக்கிறது.

நம் ஊரில் இந்த மாதிரிக் கணக்கு எடுக்க முடியாதா என்றால், எடுத்திருக்கிறார்கள். வாய்ப் புற்றுநோயில் கழுத்து நெறிக்கட்டிகளை முன்கூட்டியே எடுப்பதா, நோய் அங்கே வந்த பிறகு எடுப்பதா என்ற பல வருடச் சண்டையை மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனைதான் 2015-ல் தீர்த்துவைத்தது. முன்கூட்டியே எடுத்தவர்களில் 80 சதவிகிதம் பேர் மூன்று வருடத்தில் உயிரோடிருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5 சதவிகிதம். உலகமே அந்த முடிவைப் படித்தது.

இப்படி ஒரு கணக்குக்குப் பின்னால் சின்னச் சின்ன வேலைகள் ஆயிரம் உண்டு. ஆபரேஷன் முடிந்து போனவர் செக்-அப்புக்கு வர வேண்டும். வராவிட்டால் யாராவது தேட வேண்டும். போன் நம்பர் மாறியிருக்கும், வாடகை வீடு மாறியிருக்கும், மகள் வீட்டுக்குப் போயிருப்பார். ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு, பஸ் செலவு எதுக்கு?’ என்று இருந்துவிடுபவர்களும் உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 1980-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் புற்றுநோய்ப் பதிவேட்டில், இப்படிக் காணாமல் போனவர்களின் வீட்டு விலாசத்தைத் தேடிக் கதவைத் தட்டுவதும் வேலையின் ஒரு பகுதி. அடுத்த தடவை மருத்துவமனையில் நம்பர் கேட்டால், அம்மாவின் நம்பரோடு மகளின் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.