திறமை எனும் கேடயம்

கைபேசியிலே நடைபெறும் பணச் சூதினைக் கண்டிக்க எழும் பேச்சாளர் பலர், “அத்தனையும் அதிர்ஷ்டம்! அங்கே திறமைக்கு இடமேது?” என்று முழங்கிடக் காண்கிறோம். கையொலி எழுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கூட்டத்தின் ஓரத்திலே, போக்கர் ஆடிப் பழகிய இளைஞன் ஒருவன் நின்றிருப்பானேயானால், அவன் புன்னகை புரிவான். பேசுபவருக்கு ஆட்டம் தெரியாது என்பது அவனுக்குப் புரிந்துவிடும். அதற்குமேல் நாம் எதனைச் சொன்னாலும் அவன் செவியிலே ஏறாது.

நீதிமன்றத்திலே அந்த வாதம் பெற்ற வரவேற்பும் நாம் அறிந்ததே. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தை, 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. அடுத்து வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தை, 2023 நவம்பர் 9-ஆம் நாள், வாய்ப்பை நம்பிய ஆட்டங்களைப் பொறுத்தமட்டில் நிலைநிறுத்திவிட்டு, ரம்மியையும் போக்கரையும் அந்தப் பட்டியலினின்று நீக்கிற்று. ரம்மியிலே திறமையே மேலோங்கி நிற்கிறது என்று உச்சநீதிமன்றம் 1960-களிலேயே சொல்லியிருக்கிறது. ஆட்டம் நடத்தும் நிறுவனங்கள் ஏந்தி நின்ற கேடயம் அது: திறமை!

அந்தக் கேடயத்தைச் சற்றுத் தட்டிப் பார்ப்போம். தகரமல்ல, தோழர்களே! நல்ல உலோகந்தான். போக்கரில், அதிலும் சிறு தொகைப் போட்டிகளில், திறமை உண்டு. அதனை ஒப்புக்கொண்டே மேலே செல்வோம்.

சிறு போட்டியின் அமைப்பைப் பாருங்கள். ஒரு மேசை, ஒன்பது பேர். ஆளுக்கு 11 டாலர். அதிலே 10 பரிசுக்கு, 1 நடத்துபவனுக்கு. பணத்தை வாங்கிக்கொண்டு, ஆளுக்கு 1,500 சில்லுகள் தருகிறார்கள். அந்தச் சில்லுகளை எந்தக் கடையிலும் மாற்ற முடியாது. மேசையிலே தொடர்ந்து அமர்ந்திருக்கும் உரிமைக்கு அவை அடையாளம், அவ்வளவே. இறுதிவரை நிற்பவனுக்கு 45 டாலர், இரண்டாமவனுக்கு 27, மூன்றாமவனுக்கு 18. ஏனைய அறுவருக்கும் வெறுங்கை.

இத்தகைய போட்டியிலே தொடக்கத்தில் பொறுமை வேண்டும் என்பர் வல்லுநர். எட்டுப் பேர் இன்னும் எதிரே இருக்கையில், சில்லுகளை வாரியிறைத்து ஆகப்போவதென்ன? ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கட்டாயப் பந்தயம் உயர்ந்துகொண்டே போகும். சும்மா இருப்பவனையும் அது அரித்துத் தின்றுவிடும். ஒரு சுற்றுக்கான கட்டாயப் பந்தயத்தைப்போல் எத்தனை மடங்கு சில்லு கையிலே இருக்கிறது என்று எண்ணிப்பார்க்கச் சொன்னார், 1995-இல் உலகப் பட்டம் வென்ற டேன் ஹாரிங்டன். ஐந்து மடங்குக்குக் கீழே இறங்கிவிட்டால், சிறுகச் சிறுக ஆடும் உரிமை போயிற்று. இருப்பனைத்தையும் முன்வைக்க வேண்டும், அல்லது சீட்டை மடக்க வேண்டும். இடைவழி இல்லை.

அப்போதுங்கூட, முன்வைப்பது வேறு, பிறர் முன்வைத்ததை ஏற்பது வேறு. முந்திக்கொண்டு முன்வைப்பவன் இருவழியிலே வெல்லலாம்: எதிரிகள் அஞ்சி விலகலாம், விலகாவிடில் சீட்டு கைகொடுக்கலாம். ஏற்பவனுக்கோ சீட்டு ஒன்றே துணை. ஆகவே எந்தச் சீட்டை வைத்துக்கொண்டு துணிந்து தாக்கலாமோ, அதே சீட்டைக் கொண்டு எதிரியின் தாக்குதலை ஏற்கலாகாது.

இனி வருவதுதான் ஆட்டத்தின் உயிர்நிலை. ஐவர் வெளியேறிவிட்டனர், நால்வர் எஞ்சியிருக்கின்றனர். இன்னும் ஒருவர் வீழ்ந்தால், மற்ற மூவருக்கும் பரிசு உறுதி. நால்வரிடமும் சமமாக 3,375 சில்லுகள் என்று கொள்வோம். பரிசுத் தொகை 90 டாலர். ஆகவே ஒவ்வொருவர் இடத்தின் மதிப்பும் 22.50. இப்போது இருவர் இருப்பனைத்தையும் வைத்து மோதுகின்றனர். வென்றவன் சில்லு இருமடங்காகிறது. அவன் இடத்தின் மதிப்பும் இருமடங்காகி 45 ஆகுமா? ஆகாது! யார் எந்த இடத்தைப் பிடிப்பர் என்பதைச் சில்லு விகிதப்படி கணக்கிட்டால் 34.50-தான் வருகிறது. தோற்றவனுக்குச் சுழி. மோதுவதற்கு முன்பு இருவரிடமும் சேர்ந்து 45. மோதிய பின்பு 34.50. மீதம் 10.50 எங்கே போயிற்று? கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்த மற்ற இருவருக்கும் ஆளுக்கு 5.25 வீதம் போய்ச் சேர்ந்தது!

(ஒரே வட்டத்துக்குள் இரு அணியாய் நின்று மோதிக்கொள்ளும் அன்பர்கள் இந்தக் கணக்கைச் சுவரிலே எழுதி வைத்துக்கொள்ளலாம்.)

ஆக, அந்த நிலையிலே மோதலை ஏற்க வேண்டுமாயின், வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 65-க்கு மேல் இருந்தாக வேண்டும். கையிலே இரண்டு ராணி. எதிரியிடம் ஏஸும் ராஜாவும். நூறு முறை மோதினால் ஏறத்தாழ 55 முறை ராணிகளே வெல்லும். கற்றவன், எதிரியின் சீட்டு அதுவென்று தெரிந்தாலும் மடக்கிவிடுவான். கல்லாதவனோ, “பாதிக்குமேல் நம் பக்கம்!” என்று பாய்வான். பாய்ந்து வென்றாலுங்கூட, அவன் செய்தது நட்ட வாணிகமே.

இது திறமையல்லவா? திறமைதான்! இப்போது கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்போம்: அந்தத் திறமை எதனை விளைவிக்கிறது? உழவனின் திறமை நெல்லை விளைவிக்கிறது. நெசவாளியின் திறமை துணியை விளைவிக்கிறது. இந்த மேசையிலே 99 டாலர் வந்தது, 90 திரும்பிற்று, 9 நடத்துபவனிடம் நின்றது. இதற்குமேல் ஒரு காசும் விளையவில்லை. ஒன்பது பேரில் இருவர் கைதேர்ந்தவர், சராசரியாக ஆட்டத்துக்கு 12.50 எடுத்துச் செல்கின்றனர் என்று வையுங்கள். எஞ்சிய 65 டாலரை எழுவர் பங்கிட வேண்டும், ஆளுக்கு 9.30 கூடத் தேறாது. 11 கொடுத்து அமர்ந்தவர்கள் அவர்கள்! திறமை அதிகமாக அதிகமாக, பறிபோவதும் உறுதியாகிறது. “இது வெறும் அதிர்ஷ்டமல்ல” என்று நிறுவனம் சொல்லும்போது, “புதியவனே, நீ தோற்பது தற்செயலல்ல” என்றும் சேர்த்தே சொல்கிறது. முதற்பாதியை விளம்பரத்திலே போடுவார்கள், மறுபாதியைப் போடுவார்களா?

நடத்துபவனுக்கோ திறமையும் வேண்டாம், அதிர்ஷ்டமும் வேண்டாம். எவன் வென்றாலும் அவனுடைய 9 அவனுக்கு.

“நான் நூறு ஆட்டம் ஆடி லாபத்தில் நிற்கிறேனே!” என்பான் இளைஞன். பொய் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். சமதிறமை உள்ளவர்களே ஆடுவதாக வைத்துக்கொண்டாலும், நூறு ஆட்டத்துக்கு ஒருவன் சராசரியாக 100 டாலர் இழக்க வேண்டும். ஆயினும் சீட்டின் போக்கு எப்படியெல்லாமோ இழுப்பதால், நூறு பேரில் ஏறத்தாழ 25 பேர் அப்போது லாபத்திலே நிற்பார்கள்! அந்த 25 பேரும் தம்மைத் திறமைசாலி என்றே நம்புவர். நண்பனையும் அழைத்து வருவர். ஆயிரம் ஆட்டம் ஆடி முடிக்கையில், லாபத்தில் நிற்பவர் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே. அதற்குள் பணமும் நாளும் எத்தனை கரைந்திருக்கும்!

இந்த நம்பிக்கைக்கு உலகளவிலே விளம்பரமாக நின்றவர் கிறிஸ் மணிமேக்கர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கணக்கர். இணையத்திலே 86 டாலர் நுழைவுப் போட்டியிலே வென்று, 10,000 டாலர் கட்டி ஆடவேண்டிய லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குள் 2003-இல் நுழைந்தார். 839 பேரை உட்கொண்ட அந்தப் போட்டியிலே 25 லட்சம் டாலர் வென்றார். மறு ஆண்டு வந்தோர் 2,576 பேர். 2006-இல் 8,773 பேர்! ஒருவர் வென்ற கதை, ஆயிரக்கணக்கானோரை மேசைக்கு அழைத்து வந்தது. அவர் திறமையை நான் குறைத்துரைக்கவில்லை. அந்த 25 லட்சம் எவருடைய பணம் என்று எவரும் கேட்கவில்லையே என்பதுதான் என் வியப்பு.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, அம்மாதம் 22-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா வாய்ப்பா என்ற வழக்கையே ஒதுக்கிவிட்டது. பணம் கட்டி, பணம் வெல்ல ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும் தடை. நடத்துபவனுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு, 50 லட்சம் வரை. கேடயத்தை உடைக்க முயலாமல், சுற்றிக்கொண்டு சென்றுவிட்டது சட்டம். மாநிலம் காட்டிய அக்கறைக்குப் பின், மத்திய அரசு இத்தனை காலம் தாழ்த்தியது ஏன் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. வெளிநாட்டிலிருந்து கடைவிரிப்போரையும் இச்சட்டம் தன் வரம்புக்குள் கொணர்ந்திருக்கிறது. கைபேசிக்கோ எல்லைக் கோடில்லை. ஆகவே படிப்பகங்களிலும் கிளைக் கூட்டங்களிலும் நம் வேலை முடிந்துவிடவில்லை.

அங்கே எவரேனும் ஓர் இளைஞன் “எனக்கு ஆட்டம் தெரியும்” என்றால், அவனை முட்டாள் என்று ஏசாதீர்கள். “தெரியும், ஒப்புக்கொள்கிறோம், தாளை எடு” என்று சொல்லி, 99-க்கு 90 என்னும் கணக்கை அவன் கையாலேயே போடச் செய்யுங்கள். எத்தனை ஆட்டம் ஆடினான், மொத்தம் எவ்வளவு கட்டினான், எவ்வளவு திரும்பிற்று என்பதையும் அவனே எழுதட்டும். கடன்பட்டிருப்பானேயானால், வீட்டாரிடம் சொல்ல அஞ்சி மறைத்து வைத்திருப்பான். அந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டம் ஆடியவனுக்குத் தண்டனை எதனையும் விதிக்கவில்லை என்பதை முதலிலே அவனிடம் சொல்லிவிட்டு, பிறகு அவனோடு அவன் வீட்டுக்குச் செல்லுங்கள்.